நின்றுபோன கடிகாரத்துக்கு ஒரு விலை

ஏட்டு டுமித்ராஷிடம் கைவிலங்கு இல்லை. இருந்த ஒன்றும் பழுதுபார்க்க மாவட்டத் தலைநகருக்குப் போயிருந்தது. ஆகவே ஸ்லீப்பர் கோச் உதவியாளர் நிஸ்தோரின் மணிக்கட்டில் சணல் கயிற்றைக் கட்டி, மறுமுனையை வாலியா சியோரி ரயில் நிலையத்துக் கணப்பு அடுப்பின் காலில் முடிந்துவைத்திருந்தார்.

நிஸ்தோருக்கு முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். பன்னிரண்டு இருபது ரயிலில் அவரைத் திருட்டுக் குற்றத்துக்காக மாவட்டத் தலைநகருக்கு ஏற்றிவிட்டால் வேலை போகும், பென்ஷன் போகும், ரயில்வே கொடுத்த வீடும் போகும். மனிதரோ கயிறு கட்டாத கையால் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷப் பழக்கம், பிறருக்குக் குளிருமே என்று.

அப்போது மணி ஒன்பதே கால். அல்லது பத்தே கால். நீங்கள் யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு. விடியற்காலை நான்கு மணியை எல்லோரும் மூன்று மணி என்று கூப்பிட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்ட நாள். மார்ச்சில் நம்மிடமிருந்து ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். ஏழு மாதம் வைத்திருக்கிறார்கள். பிறகு வட்டி இல்லாமல், அதுவும் ஊரே குறட்டை விடும்போது, வாசலில் வீசிவிட்டுப் போகிறார்கள். இதற்குப் பகல் வெளிச்சச் சேமிப்பு என்று பெயர். கான்ஸ்தான்த்சா கடைவீதியில் கம்பளம் விற்ற என் அப்பா, கம்பளத்தின் ஒரு முனையில் ஒரு முழம் வெட்டி மறுமுனையில் தைத்துக் கொடுத்து, இப்போது நீளம் கூடிவிட்டது என்று சொல்லியிருந்தால், கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அவரைக் கடலில் தள்ளியிருப்பார்கள். அரசாங்கம் சொன்னால் கடிகாரத்தைத் திருப்பிவிட்டுத் தூங்கப் போகிறோம்.

தூங்காத ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ரயில். அது நான்கு மணிக்கு நான்கு மணியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று மணி ஆகிவிடுகிறது. அப்படியே விட்டால் அடுத்த ஊருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் நாட்டில் ரயில் முன்னதாகப் போவதைவிட வெட்கக்கேடு வேறில்லை. அதனால் அந்த ஒரு இரவு, புக்கரெஸ்டிலிருந்து சிகெட்டுக்குப் போகும் ரயிலை வாலியா சியோரியில் பிடித்து நிறுத்துவார்கள். ஒரு முழு மணி நேரம். முந்நூறு பேர், குளிரில், சும்மா.

அந்த ஊர்ப் பெண்களின் மூளைக்கு நான் தலைவணங்குகிறேன். அரசாங்கம் வீசியெறிந்த ஒரு மணி நேரத்தை அவர்கள் சந்தையாக்கிவிட்டார்கள். நான்கு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் பம்ஃபிலே தொப்பி போட்டுக்கொண்டு காத்திருப்பு அறைக்கு வருவார். அங்கே ஆள் உயர ஊசல் கடிகாரம் ஒன்று நிற்கிறது. மணியடிக்கும் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருப்பினால் உள்ளே பல் முறியும். அதனால் அவர் அதைத் திருப்புவதில்லை. கடிகாரத்தின் கதவுப் பூட்டைத் திறந்து, ஊசலை ஒரு விரலால் பிடித்து நிறுத்துவார். நிஸ்தோர் லாந்தர் பிடிப்பார். கைதட்டல். அந்த நொடியில் பிளாட்பாரத்தில் கூடைகள் திறக்கும்: முட்டைக்கோஸ் அடைத்த ரொட்டி, வால்நட், ஆட்டுப்பால் கட்டி, ப்ளம் சாராயம். ஒரு மணி நேரம் கழித்து அவர் ஊசலைத் தட்டிவிடுவார். சந்தை முடிந்தது, ரயில் கிளம்பும்.

இந்த வருஷம் கிளம்பவில்லை. ஊசலைத் தட்டிவிடப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்லீப்பர் கோச்சிலிருந்து ஒருவர் கத்தினார். ஒக்தாவ் கலிமான், புக்கரெஸ்டில் பழம்பொருள் வியாபாரி. மாராமுரேஷ் பக்கம் ஒரு கன்னியாஸ்திரி மடத்தின் சுவிசேஷ நூல், வெள்ளி அட்டை, செங்கல் அளவு. பழைய ஆட்சியில் தலைநகருக்கு எடுத்துப் போனார்களாம். அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. அசந்து தூங்கினாராம், முகம் கழுவப் போனாராம், திரும்பி வந்தால் பெட்டி காலி.

கோச்சில் இருந்த எல்லோரையும் சோதித்தார்கள். அடுத்த அறையில் பயணம் செய்த என் முதலாளி, நான், எங்கள் இருவரின் பையையும் சேர்த்துத்தான். கூடைகளைக் கவிழ்த்தார்கள். புத்தகம் இல்லை. அறைச் சாவி நிஸ்தோரிடம் இருந்ததால் சந்தேகம் அவர் மேல் விழுந்தது. முன்னதாகப் போகக் கூடாது என்று ஒரு மணி நேரம் நின்ற ரயில், கடைசியில் நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அரசாங்கத்துக்கு நிம்மதி.

நாங்கள் கிளம்பவில்லை. என் முதலாளி ஸ்மராந்தா வொய்னியா, சுங்கத் துறையில் இருபத்தாறு வருஷம் பெட்டிகளைத் திறந்து, இப்போது சொந்தமாகத் துப்பறிபவர், பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன். நிஸ்தோர் இரவில் காபி கொடுத்தபோது, மேடம் கேட்காமலே சர்க்கரையை ஒதுக்கிவைத்தாராம். போன வருஷம் மேடம் சர்க்கரை வேண்டாமென்றது அவருக்கு ஞாபகமிருந்ததாம். அப்படிப்பட்ட ஆள் திருடுவதாக இருந்தால் இன்னும் கவனமாகத் திருடியிருப்பார் என்பது அவர் வாதம்.

ஏட்டின் வாதம் வேறு. அவர் நோட்டைக் காட்டினார். ரயில் கார்டு சொன்னது: மூன்றரைக்கு நிஸ்தோர் தன் இருக்கையில் இருந்தார். கலிமான் சொன்னது: மூன்றரைக்கு நிஸ்தோரின் இருக்கை காலி.

"ஒரே நேரத்துல ஒரு ஆளு இருந்தும் இருக்கான், இல்லாமலும் இருக்கான்" என்றார் ஏட்டு. "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"எந்த மூன்றரை?" என்றார் மேடம்.

ஏட்டு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு மூன்றரை இரண்டு தடவை வந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கார்டு பார்த்தது முதல் மூன்றரை, ரயில் ஓடிக்கொண்டிருந்தபோது. கலிமான் சொன்னது இரண்டாவது, ரயில் நின்றபோது.

அதனால் நிஸ்தோருக்கு லாபம் எதுவும் இல்லை. இரண்டாவது மூன்றரைக்கு அவர் எங்கே இருந்தார் என்று சொல்ல ஆளில்லை. கோச் பதிவேட்டைப் பார்த்தோம். மணிக்கு ஒரு கட்டம் அச்சடித்திருந்தது. மூன்றிலிருந்து நான்குக்கு ஒரே கட்டம். அதில் முதல் மூன்று மணிக்கு நடந்ததை நிஸ்தோர் அழகாக எழுதியிருந்தார். இரண்டாவதற்கு இடமில்லை. புதிதாக ஒரு மணி நேரத்தை உண்டாக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு அதற்கு ஒரு கட்டம் அச்சடிக்கத் தெரியவில்லை.

"நான் இருபது நிமிஷம் கீழ இறங்கி ரொட்டி வாங்கினேம்மா" என்றார் நிஸ்தோர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "மீதி நேரம் உள்ளதான் இருந்தேன். அத எழுத எடமில்ல. எந்த வருஷமும் இருந்ததில்ல."

மேடம் பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன முட்டைக்கோஸ் ரொட்டியைத் தின்னத் தொடங்கினார். அவர் பார்வை எதிரே இருந்த ஊசல் கடிகாரத்தின் மேல் இருந்தது. அது ஐந்து பத்தில் நின்றிருந்தது.

நேரத்தை மாற்றியதில் அதற்கும் மூளை குழம்பிவிட்டது என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டார். பம்ஃபிலே அறுபதை நெருங்குகிறவர், பெரிய மீசை, முதுகுவலிக்குக் கட்டிய பெல்ட். நேரம் மாற்றியபின் தட்டிவிட்டதும் ஒழுங்காகத்தான் ஓடியது, ஐந்து பத்துக்கு நின்றது, அப்புறம் மூன்று தடவை தள்ளிப் பார்த்துவிட்டேன், இரண்டு நிமிடம் ஆடிவிட்டு நின்றுவிடுகிறது என்றார். எல்லாம் இந்த நேர மாற்றத்தால் வந்த வினை என்று முடித்தார்.

"எத்தனை வருஷமா இப்படி நிறுத்தி ஓட விடுறீங்க?"

"பத்தொன்பது."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது மறுபடி நின்னுருக்கா?"

அவர் மீசையைத் தடவினார். "ஒரு தடவை கூட இல்ல."

"அப்ப ஏன் நேரத்து மேல பழி போடுறீங்க?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

மேடம் ரொட்டிக் காகிதத்தை மடித்தார். "நேரத்த மாத்துறது முட்டாள்தனம். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா முட்டாள் செய்யாத தப்பையும் அவன் தலையில கட்டினா, செஞ்சவன் ஜாலியா உட்கார்ந்து காபி குடிப்பான்."

பிறகு அவர் கேட்டதெல்லாம் கடிகாரத்தின் வயிற்றைப் பற்றி. பம்ஃபிலே பொறுமையாகச் சொன்னார். சாவி கொடுப்பது முகத்திலிருக்கும் ஓட்டை வழியாக, ஞாயிறு மதியம், வாரம் ஒரு தடவை. சாவி கொடுத்தால் உள்ளே எடைக்குண்டு மேலே ஏறும், வாரம் முழுக்க மெல்ல மெல்ல இறங்கும், அந்த இறக்கம்தான் கடிகாரத்தை ஓட்டுகிறது. ஞாயிறு விடியற்காலையில் குண்டு கிட்டத்தட்ட அடிப்பெட்டிக்கு வந்திருக்கும். கதவைத் திறப்பது வருஷத்துக்கு ஒரே நாள், அக்டோபரில். திறந்தால் ஒரு மணி நேரம் பூட்டுவதில்லை. எல்லோரும் வெளியே ரொட்டி தின்கிறார்கள், யார் வரப்போகிறார்கள்? காலையில் தள்ளும்போது அடியில் குனிந்து பார்த்தீர்களா என்றார் மேடம். பம்ஃபிலே பெல்ட்டைத் தொட்டுக் காட்டினார்.

மேடம் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"குண்டு எது மேலயோ வந்து உட்கார்ந்திருக்கு, கரபெத். அதான் ஓட மாட்டேங்குது. செங்கல் அளவு, வெள்ளி அட்டை."

"அப்ப திறந்துருவோம் மேடம். கயிற அவுத்துருவோம்."

"திறந்தா கயிறு இன்னும் இறுகும். லாந்தர் பிடிச்சது யாரு? கதவு திறந்திருக்கும்னு பத்தொன்பது வருஷமாத் தெரிஞ்சது யாருக்கு?"

நிஸ்தோரின் கயிற்றைத் திரும்பிப் பார்த்தேன்.

"கலிமானைக் கூட்டிட்டுப் போய் காபி வாங்கிக் குடுங்க. கால் மணி நேரம். பழைய நேரமோ புது நேரமோ, கால் மணி கால் மணிதான்."

புகார் கொடுத்ததால் ரயிலில் போகாமல் தங்கிவிட்ட கலிமான் பிளாட்பாரக் கடையில் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். ஒட்டக ரோமக் கோட்டு, கையில் மடிக்காத செய்தித்தாள். காபி வந்ததும் அது காபியே இல்லை, சிக்கரி என்றார். தகரக் குவளையைத் தூக்கி, ஈயம் பூசியவன் கண் தெரியாதவன் என்றார். ஸ்டேஷன் கூரை, கடைக்காரியின் முக்காடு, என் ஷூவின் தையல் என்று ஒன்றையும் விடவில்லை. எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. நல்ல வியாபாரி. குறை சொல்வது எங்கள் தொழிலில் மூச்சு விடுவதைப் போல. கண்ணில் பட்டதன் விலையை இரண்டு படி இறக்கிவிட்டுத்தான் அடுத்ததைப் பார்ப்போம்.

உள்ளே இருக்கும் கடிகாரம் கூட நின்றுவிட்டது பார்த்தீர்களா என்றேன் பேச்சுவாக்கில்.

"நேரத்தை மாத்தினா பழைய கடிகாரம் அப்படித்தான். கோவிச்சுக்கும்" என்றார்.

நான் குவளையைக் கீழே வைத்தேன். ஏட்டு இதைச் சொல்லலாம். முதுகில் பெல்ட் கட்டிய ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லலாம். நானே சொன்னேன், நான் கம்பளக்காரன். இருபது வருஷமாகப் பழங்கடிகாரம் வாங்கி விற்கிற ஒருவர் இதைச் சொல்கிறார்.

திரும்பி வந்து மேடத்திடம் சொன்னேன். அவர் தலையசைத்தார், புதிதாக ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. ஏட்டு மூலையில் தன் சாப்பாட்டுப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பம்ஃபிலேயின் முகம் சுண்டிப்போயிருந்தது. கடிகாரம் ரயில்வேயுடையது இல்லை, ரயில்வே குப்பையில் போட்டதைப் பொறுக்கி அவரே சரிபண்ணி வைத்ததாம். இப்போது அது விற்பனைக்கு.

"நீங்க அத வாங்கணும்" என்றார் மேடம் என்னிடம். "சத்தமா வாங்கணும்."

பிறந்ததிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன்.

கலிமான் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை விரிக்கும் வரை பொறுத்தேன். பிறகு கடிகாரத்தைச் சுற்றி வந்தேன். காலில் செல்லரித்த ஓட்டைகளை எண்ணினேன், வாய்விட்டு, பதினான்கு. முகத்தைக் கைநடுங்குகிறவன் யாரோ மறுபடி வரைந்திருக்கிறான் என்றேன். நிமிட முள் வேறு கடிகாரத்துடையது, மணி முள் வேறு நாட்டுடையது. இது கடிகாரமே இல்லை, எழுந்து நிற்கிற விறகு. இருநூற்றைம்பது லேய் தருகிறேன், அதுவும் என் அத்தை கோழிக்கூண்டு வேண்டுமென்று கேட்டதால்.

பம்ஃபிலே முந்நூறு என்றார். நடிப்பு மோசம், குரல் நிஜமாகவே நடுங்கியது.

சரி, முந்நூறு, பன்னிரண்டு இருபது ரயிலில் ஏற்றிவிடுங்கள் என்றேன்.

செய்தித்தாள் அசைவதை நிறுத்தியது.

"ஐந்நூறு" என்றது அதன் பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். மன்னிக்கவும், இங்கே ஒரு பேரம் நடந்துகொண்டிருக்கிறது என்றேன். கலிமான் எழுந்து வந்தார். தன் சேகரிப்புக்கு ரொம்ப நாளாக இப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அறுநூறு என்றேன். ஆயிரம் என்றார். நூறு ஏற்றினேன், அவர் ஐந்நூறு ஏற்றினார். இரண்டாயிரம் வந்துவிட்டது. என் கையில் இருந்ததோ நானூறு லேய்தான்.

"செல்லரிச்சிருக்கே சார்?" என்றேன்.

"பழமைக்கு அதுதான் அடையாளம்."

"முள்ளு ரெண்டும் ஜோடி இல்ல."

"அதனாலதான் அபூர்வம்."

"ஓடவே இல்லியே?"

"அழகு ஓடணும்னு அவசியம் இல்ல."

தகரக் குவளையில் மூன்று குறை கண்டுபிடித்த மனிதர்! என் அப்பாவின் கடையில், ஒரு கம்பளத்தைப் பாராட்டிக்கொண்டே ஒருவன் விலையை ஏற்றினால், அப்பா விற்பதை நிறுத்திவிட்டுக் கம்பளத்தை உருட்டி உதறிப் பார்ப்பார். உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

மூவாயிரத்து ஐந்நூறு என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். நாலாயிரம் என்றார். விட்டுக்கொடுத்தேன், உடைந்துபோன முகத்தோடு. ஒரு மரியாதைக்காக, கதவைத் திறந்து உள்ளே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றேன்.

"வேண்டாம்." கை தானாகக் கதவின் மேல் போயிற்று. "தூசி கலையும். தூசிக்கும் ஒரு மதிப்பு இருக்கு."

ரசீதை நானே எழுதினேன். ஊசல் கடிகாரம் ஒன்று, ஓடாத நிலையில், நாலாயிரம் லேய், விற்ற பொருள் வாபஸ் கிடையாது. கலிமான் கையெழுத்துப் போட்டார், பணம் வைத்தார், கதவுச் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பம்ஃபிலே நோட்டுகளைத் தொடவில்லை.

மேடம் அப்போதுதான் எழுந்து வந்தார். கலிமானுக்கு வாழ்த்துச் சொன்னார். பத்தொன்பது வருஷம் பார்த்துக்கொண்ட மனிதர், கடைசியாக ஒரே ஒரு தடவை ஊசலைத் தள்ளிவிட்டுப் போகட்டும், இரண்டு நிமிடம்தானே ஓடும் என்றார். அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. கலிமான் கதவைத் திறந்து, திறப்பை உடம்பால் பாதி மறைத்துக்கொண்டு நின்றார். பம்ஃபிலே அந்த இடுக்கில் கையை விட்டுத் தட்டினார்.

டிக். டிக்.

இரண்டு நிமிடம் ஆனது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்று நிமிடம். நிஸ்தோர் விறகு தள்ளுவதை நிறுத்தினார். ஐந்து நிமிடம். ஊசல் ஒரே சீராக, வீட்டுக்குப் போகிற கழுதை மாதிரி, ஆடிக்கொண்டே இருந்தது. பம்ஃபிலேயின் மீசைக்கு அடியில் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. உள்ளே செங்கல் அளவு புத்தகம் இருக்கும்போது இது எப்படி ஓடுகிறது?

அந்த அறையில் அதை என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டவர் ஒருவர் இருந்தார். கலிமானின் காது மடல் வெளுத்துவிட்டது.

"என்ன இது?" என்றார். "இது ஓடுதே."

"ஆமா" என்றார் மேடம். "நல்லாவே ஓடுது."

"நான் வாங்கினது ஓடாத கடிகாரம். ரசீதுல அப்படித்தான் இருக்கு. இந்த வியாபாரம் செல்லாது, என் பணத்தைக் குடுங்க."

"எத்தனையோ பேர் கடிகாரம் ஓடலைன்னு திருப்பிக் குடுத்துப் பார்த்திருக்கேன், கலிமான். ஓடுதுன்னு திருப்பிக் குடுக்கிற மொதல் ஆள் நீங்கதான்."

கலிமான் மண்டியிட்டார். ஒட்டக ரோமக் கோட்டோடு, தோள் வரை கையை அடிப்பெட்டிக்குள் விட்டார். நான்கு மூலையும் துழாவினார். தூசிக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று சொன்ன மனிதர், கை நிறைய அதோடுதான் எழுந்தார்.

அதற்குமேல் அவர் செய்தது எனக்கு ரொம்பப் பழக்கமான ஒன்று. பேரத்தைத் தொடங்கினார். இந்த ஏழையைக் கஷ்டப்படுத்த விருப்பமில்லை, மன்னித்துவிடலாம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், எல்லோரும் அவரவர் வழியில் போகலாம் என்றார்.

"புஸ்தகம்தான் இன்னும் கிடைக்கலியே" என்றார் ஏட்டு டுமித்ராஷ் மூலையிலிருந்து. மெதுவாகப் பேசுகிறவர், அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினார். "கிடைக்காத பொருளுக்கு யாராச்சும் புகாரை வாபஸ் வாங்குவாங்களா?"

மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை அவிழ்த்தார். கருப்பு ரொட்டி, ஒரு வெங்காயம், அதற்கு அடியில் துண்டில் சுற்றிய வெள்ளி அட்டைச் சுவிசேஷம். அட்டையின் நடுவில், எடைக்குண்டு உட்கார்ந்த இடத்தில், வட்டமாக ஒரு மங்கல்.

நான் சிக்கரி குடித்துக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் மேடம் அதை ஏட்டின் கையாலேயே எடுக்க வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இருநூற்றைம்பதிலேயே எனக்குச் சிரிப்பு வந்திருக்கும் என்றார் பிறகு. வந்திருக்கும்தான்.

கலிமான் போன வருஷமும் இதே ரயிலில் வந்தவர். கைதட்டினவர்களில் ஒருவர். கடிகாரம் நின்றதும் ஊரே வெளியே தின்னப் போவதையும், கதவு திறந்து கிடப்பதையும், மறுபடி பூட்டினால் ஒரு வருஷத்துக்கு யாரும் திறப்பதில்லை என்பதையும் பார்த்துவைத்தார். இந்த வருஷம் புத்தகத்தை உள்ளே இறக்கினார். பத்து நாள் கழித்து வந்து ஏதோ விறகு விலைக்குக் கடிகாரத்தையே வாங்கிப் போய்விடலாம் என்பது திட்டம். மடத்துக்குப் பதில் சொல்ல ஒரு திருடன் வேண்டும். அதற்கு அறைச் சாவி வைத்திருந்த நிஸ்தோர். எல்லாம் சரி, ஒன்றில்தான் சறுக்கினார். பம்ஃபிலே சாவி கொடுப்பது எந்தக் கிழமை என்று விசாரிக்கவில்லை. இரண்டு நாள் முன்னால் சாவி கொடுத்திருந்தால் குண்டு உயரத்தில் இருந்திருக்கும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கும், நாங்களும் நேரத்தைத் திட்டிக்கொண்டே ஊர் போயிருப்போம்.

ஏட்டு நிஸ்தோரின் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்த்தார். அதே கயிற்றைக் கலிமானின் மணிக்கட்டில் கட்டினார். ஒட்டக ரோமத்தின் மேல் சணல் நன்றாகப் பிடித்தது. கயிற்றில் என்ன குறை என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பம்ஃபிலேக்கு இன்னொரு கவலை. ரசீதுப்படி கடிகாரம் கலிமானுடையது. ரசீதை எழுதினவன் என்ற முறையில் ஆறுதல் சொன்னேன்: விற்ற பொருள் வாபஸ் கிடையாது, ஆனால் எடுத்துப்போகக் கெடு எதுவும் நான் எழுதவில்லை. வாங்கினவர் சில வருஷம் வேறு இடத்தில் இருப்பார். அதுவரை இங்கேயே நிற்கட்டும், அக்டோபருக்கு அக்டோபர் நிறுத்தி ஓட விடுங்கள். நாலாயிரத்தை என்ன செய்வது என்றார். நீதிபதி கேட்டால் கொடுங்கள் என்றேன். கேட்பார் என்று தோன்றவில்லை, எங்கள் நீதிபதிகளுக்கு இன்னும் எத்தனையோ மூன்றரை மணிகளைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு இருபது ரயில் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தது. அதற்குள் ஊர்ப் பெண்கள் பழைய நேரத்துக்குச் சாப்பிட்டு முடித்து, பாத்திரமும் கழுவிவிட்டிருந்தார்கள்.

ரயிலில் நிஸ்தோர் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். வேலை நேரம் முடிந்துவிட்டது, ஆனாலும் தொப்பியைக் கழற்றவில்லை. மணிக்கட்டில் கயிற்றின் தடம் சிவந்திருந்தது. பையிலிருந்து கோச் பதிவேட்டை எடுத்தார். அடுத்த பெட்டியில் இருந்த ஏட்டிடம் போய் ஒரு ஸ்கேல் கடன் கேட்டு வாங்கி வந்தார். மூன்றிலிருந்து நான்குக்கு இருந்த கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

மேடம் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். 'மூன்று முதல் நான்கு, இரண்டாம் முறை. வண்டி நின்றது. இருபது நிமிடம் முட்டைக்கோஸ் ரொட்டி வாங்கக் கீழே இறங்கினேன். மீதி நேரம் கோச்சில் இருந்தேன்.'

"அந்த ரொட்டிய அடிச்சிருங்க நிஸ்தோர்" என்றார் மேடம். "மேலதிகாரி பார்த்தா சும்மா விடமாட்டான்."

"வாங்கினேனேம்மா" என்றார் அவர்.

முப்பத்தொரு வருஷத்தில் அந்த மணி நேரத்துக்கு யாரோ ஒருவர் கட்டம் போட்டது அதுதான் முதல் தடவை. கோடு கொஞ்சம் கோணலாக இருந்தது. வண்டி ஆடிக்கொண்டிருந்தது.